ஐஸ் நிறுத்தம்

இதனால் சகலமான மீன் வியாபாரிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், நாளை விடிந்ததும் மட்டாஞ்சேரியில் ஐஸ் என்று ஒன்று இருந்தால் அது நல்லசிவத்தின் வீட்டில் மட்டுமே இருக்கும்... என்று மனத்துக்குள் தமுக்கடித்தபடி நல்லசிவம் மஜீத் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தான், கால் தரையில் பாவவில்லை, எப்படிப் பாவும், தெருவே கூடியிருக்கிறது, ஒருவருக்கும் விஷயம் தெரியாது, மகள் பாக்கியலக்ஷ்மி மலையாளப் பத்திரிகை வாசிக்கிறவள், காலையில், "அப்பா, சாயங்காலம் டி.வி.யில ஐஸ் நிறுத்தம்" என்றாள், சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுத் தோப்பும்படி ஐஸ் பிளான்டுக்கு ஓடினான், வேலைநிறுத்தத்துக்கு இங்கே சமரம் என்பார்கள், சமரம் என்று போடாமல் நிறுத்தம் என்று போட்டிருக்கிறார்கள், அப்படியானால் சமரத்தைவிடப் பெரிசு, கையிலிருந்த முதல் முழுவதற்கும் ஐஸ் வாங்கி வீட்டுக்குள் அடுக்கி மரத்தூள் போட்டு மூடியாகிவிட்டது, பெண்டாட்டி பேச்சி அரிசிப் பானையோடு கட்டிலின்மேல் ஏறி உட்கார்ந்து திட்டுகிறாள், திட்டட்டும், நல்லசிவம் வருமுன்னே அவன் மீன் மூக்குக்கு வந்துவிடும் என்று சந்தையில் சிரித்தானே மஜீத், நாளைக்கு அவன் மீன் எங்கே வரும், யார் மூக்குக்கு?

வந்துவிட்டது ஐஸ், அப்பப்பா, மைதானம் முழுக்க ஐஸ், மேலே ஒரு மீன்கூட இல்லை, எவன் அப்பன் வீட்டுச் சொத்து, அதில் ஒருத்தனும் ஒருத்தியும் கைகோத்து வழுக்கிக்கொண்டு... பிளான்ட் முதலாளியும் சம்சாரமும் போலிருக்கிறது, நிறுத்தப்போகிற சந்தோஷமோ? ஆனால் இவள் ஏன் விழுகிறாள், சின்ன வயசிலிருந்தே விழுகிறாள், அவன் தூக்கித் தூக்கி நிறுத்துகிறான்... "நிறுத்தம் எப்போ சொல்வாங்க?" என்று மகளின் காதில் கேட்டான்.

"நிறுத்தம் இல்லப்பா, நிருத்தம். மலையாளத்துல டான்ஸ். இவங்க ரெண்டு பேரும் சாம்பியன், அவங்க கதை."

வீட்டில் அத்தனை ஐஸும் உருகிக்கொண்டிருக்கிறது, எழுந்து ஓட வேண்டும், யார் காலிலாவது விழுந்து விற்க வேண்டும், கால் ஏன் எழவில்லை? அதோ கடைசிப் போட்டி, அவளை அவன் தலைக்குமேல் தூக்கிவிட்டான், இத்தனை வருஷம் நல்லசிவம் ஐஸை உடைத்திருக்கிறான், சுமந்திருக்கிறான், ஒரு நாளாவது பார்த்திருக்கிறானா?

"நல்லசிவம், உன் வாசல்ல ஆறு ஓடுதாமே, மழையாடா?" என்றான் மஜீத்.

"மழைதான் இக்கா. அந்தப் பிள்ள ஜெயிக்கட்டும், போறேன்."

மறுநாள் மட்டாஞ்சேரியில் ஐஸ் தாராளமாகக் கிடைத்தது.