முன்னவரின் அலமாரி

ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைகளை எல்லாம் கட்டில்மேல் அள்ளிப் போட்டுவிட்டு, அளவுக்காரன் அந்த மர அலமாரியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றான். சண்டைக்கு ஆள் கிடைத்தவன் நிற்கிற தோரணை. அலமாரி பாவம், அது என்ன செய்யும், அதுபாட்டுக்கு நின்றது.

அளவுக்காரன் என்பது செருப்புக் கடையில் அவனுக்கு விழுந்த பெயர். பத்தொன்பது வருஷமாக அங்கே விற்பனையாளன். வாசல் ஏறி வருகிறவரின் பாதத்தை ஒரு பார்வை பார்த்து, "ஏழு, வலது கால் மட்டும் ஏழரை" என்பான், அளந்தால் தப்பாது. பழைய ஜோடியைத் திருப்பிப் பார்த்தானென்றால், தேய்மானத்தை வைத்தே ஆள் அவசரக்காரனா, சோம்பேறியா, முதுகுவலிக்காரனா என்று புட்டுப் புட்டு வைப்பான். அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் டீச்சர் வந்தாள். நாளெல்லாம் வகுப்பில் நின்று பாதம் வீங்கியிருந்தது. நாலு ஜோடி போட்டுப் பார்த்தாள், அடுத்த மாதம் மறுபடி வந்தாள், குறையே இல்லாத செருப்பில் குறை கண்டுபிடித்தாள், இப்படியே போய், நாற்பத்து நாலு வயதுவரை ஒண்டிக்கட்டையாக இருந்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுக்கு இது இரண்டாவது. முதல் கணவர் இறந்து நாலு வருஷம். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பெட்டியும் பதினோரு ஜோடிக் காலணியுமாக இவன் அவள் வீட்டுக்குக் குடிவந்தான்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. வீட்டில் எதைத் தொட்டாலும் முன்னவர். சுவர்க் கடிகாரம் அவர் மாட்டியது. ஜன்னலோர நாற்காலி அவர் உட்கார்ந்தது. அலமாரியில் எட்டு மாதமாகத் தொங்குவது என்னவோ இவனுடைய சட்டைகள்தான். ஆனாலும் டீச்சர் வாயில் வருவது, "சாவி அவரு அலமாரில இருக்கு பாருங்க" என்றுதான். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறாளா? இல்லவே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. உயிரோடு இருக்கிறவனென்றால் மல்லுக்கு நிற்கலாம். இவரோ வயதுகூட ஏறாமல் போட்டோவுக்குள் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். நல்ல உயரம் வேறு. இவனுக்கு முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

ஒன்றை மட்டும் தன்னுடையது என்று வைத்திருந்தான். இருவரும் வெளியே போகும்போது டீச்சர் அவனுக்கு இடப்பக்கம் வந்து, முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொள்வாள். பிடிப்பதில்லை, தாங்குகிற மாதிரி. விறுவிறுவென்று நடக்கிறவள், அவனோடு வரும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்வாள். கல்யாணமான மறுநாளே அப்படித்தான் நடந்தாள். நாற்பத்து நாலு வருஷத்தில் அந்த முழங்கையை யாரும் சீண்டியதில்லை. அன்றைக்குக் கடையில் ஆறு கேட்ட அம்மாவுக்கு எட்டை எடுத்துக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரி அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், நாற்காலியும் அவருக்கே ஆகட்டும், இந்தக் கை என்னுடையது என்று நினைத்துக்கொள்வான்.

காலணிகள்தான் சாக்காக வாய்த்தன. வாசலிலிருந்து உள்ளே போகிற வழி மூன்றே அடி அகலம். அதில் இருவர் காலணியும் இறைந்து கிடக்க, போன வாரம் டீச்சர் தடுக்கிப்போய் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டாள். இவன் உடனே திட்டத்தை எடுத்துவிட்டான்.

"அந்த அலமாரியைக் கொண்டாந்து இங்க நிறுத்தி, ஆழத்தைக் குறைச்சு, உள்ள சாய்வாப் பலகை அடிச்சா எல்லாம் அடங்கிடும். என் துணிக்குச் சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். சுருங்குமா, கண் கலங்குமா? டீச்சர் விடைத்தாள்களிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "தாராளமாப் பண்ணுங்க. இன்னொரு தடவை இடிச்சா மண்டை தாங்காது" என்றாள். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் இவனுக்கு வரவில்லை. நடிக்கிறாள் என்றது ஒரு மனசு. போகட்டும், செருப்பு வைக்கிற பெட்டியாக்கி அதன் கொட்டத்தை அடக்குவோம் என்றது இன்னொரு மனசு.

தூக்க உதவிக்கு டீச்சரின் அண்ணன் வந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். டீச்சர் காய்கறி வாங்கப் போயிருந்தாள். இருவரும் நெம்பி நகர்த்தி, கதவு நிலையில் இரண்டு தடவை முட்டி, ஒருவழியாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிர்ச்சுவருக்கு மிச்சம் ஓரடி.

"மாப்ளே, இனிமே உடம்பை மடிச்சு பையில வெச்சுக்கிட்டுத்தான் உள்ள வரணும்" என்றார் அண்ணன்.

"அறுத்துட்டா சரியாயிடும் மச்சான்."

முதுகுப் பலகையைக் கழற்றினான். பக்கப் பலகைகளில் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பென்சில் கோடு போட்டான். ரம்பத்தை வைத்து இழுத்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் சொல்லிவிட வேண்டியதுதான்: ஒவ்வொரு இழுப்புக்கும் போட்டோவில் நிற்கிற மனுஷன் ஒரு அங்குலம் குறைகிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

"மரத்தைத்தானே அறுக்கிறீங்க? மூஞ்சியைப் பார்த்தா யாரையோ அறுக்கிற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அளவுக்காரன் ரம்பத்தை இன்னும் வேகமாக இழுத்தான்.

அடியில் இருந்த இழுப்பறையை உருவியபோது அதற்குப் பின்னால் ஒரு துணிப்பை அகப்பட்டது. உள்ளே கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி. ஒன்பது. அளக்கவே வேண்டாம். இவனுக்கு ஏழு. இதிலுமா தோற்க வேண்டும் என்று நொந்துகொண்டே, தொழில் பழக்கத்தில் அடியைத் திருப்பினான்.

இடது குதி வலதைவிட உயரமாக இருந்தது. தோலின்மேல் தோலாக ஒட்டி உயர்த்தியிருந்தார்கள். கைதேர்ந்த வேலை, மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. உள்ளே விரலை விட்டான். அங்கேயும் தடிமனாக ஓர் அட்டை. அப்படி இருந்தும் இடது முனை மட்டும் மழுங்கித் தேய்ந்திருந்தது. இழுத்து நடந்த கால். அளவுக்காரன் அந்த ஷூவோடு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"மச்சான், அவருக்குக் கால்ல ஏதாவது…?"

"உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுல விழுந்தது மாப்ளே. இடது கால் ஒரு விரல் அகலம் கட்டை. ஷூ போட்டு நின்னா யாருக்கும் தெரியாது. நடந்தா லேசா விந்தி விந்திப் போவாரு. தங்கச்சிதான் பக்கத்துலயே, இந்தா இப்படி" என்று தன் கையை அளவுக்காரனின் இடது முழங்கைக்கு அடியில் கொடுத்துக் காட்டினார். "தாங்கிக்கிட்டே போவா. பதிமூணு வருஷம். பார்க்கிறவங்க ஏதோ காதல் ஜோடின்னு நினைச்சுக்குவாங்க."

போட்டோவில் யாரும் நடந்து காட்டுவதில்லை. அதனால் இவனுக்கு எட்டு மாதமாகத் தெரியவில்லை. அலமாரிக்காக, நாற்காலிக்காகப் புகைந்ததெல்லாம் ஒரு புகைச்சலே இல்லை. இப்போதுதான் வயிறு நிஜமாகப் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தக் கையும் அவருடையதா? அந்த மெல்லிய நடையும் அவருக்காகப் பழகியதா? ஊரார் பாதத்தை எல்லாம் பார்த்தவுடன் சொல்கிற மகா கெட்டிக்காரன், தன் பக்கத்தில் நடக்கிறவளின் நடையைப் படிக்கத் தெரியாத மடையன் என்று தன்னையே வைதுகொண்டான்.

ஷூவைக் குப்பையில் வீசத்தான் எழுந்தான். குதியில் இருந்த அந்த வேலைப்பாட்டை இன்னொரு தடவை பார்த்தான். கை வரவில்லை. மத்தியானத்துக்குள் அலமாரி முடிந்துவிட்டது. மேலே டீச்சருடைய ஐந்து ஜோடி, நடுவே இவனுடைய பதினொன்று. அடித்தட்டில் அந்த ஒன்பதாம் அளவு ஷூ நேராக அடங்காமல் கொஞ்சம் குறுக்காக உட்கார்ந்தது. காய்கறியோடு திரும்பிய டீச்சர் சமைத்துப் போட, அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் டீச்சர் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்து, "அடேயப்பா, கடை மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு குனிந்தாள். "அட, இதைத் தேடாத இடமில்லையே. எங்க இருந்துச்சு?"

"இழுப்பறைக்குப் பின்னால."

இடது ஷூவை எடுத்துக் குதியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். திரும்ப அதே இடத்தில், அதே குறுக்காக வைத்தாள். "கைப்பிடி ஆடுது. வாங்க, வெயில் தணிஞ்சிருச்சு, புதுசு வாங்கிட்டு வந்துரலாம்."

தெருவில் இறங்கியதும் வழக்கம்போல் இடப்பக்கம் வந்தாள். கை வந்தது. நடை குறைந்தது. அளவுக்காரன் சட்டென்று நின்று, அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான்.

"என்னங்க, வண்டி வருதா?"

"இல்ல. சும்மாதான்."

"சரி" என்று நடந்தாள். இப்போது அவளுடைய சொந்த வேகம். பத்தடியில் அவனை முந்திவிட்டாள். வலது கை மட்டும் தொங்கவுமில்லை, வீசவுமில்லை. இடுப்பு உயரத்தில், உள்ளங்கை மேல்நோக்கி, எதையோ ஏந்தினபடி போய்க்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

அளவுக்காரன் பின்னால் நின்று அந்தக் கையைப் பார்த்தான். யாருக்கான கை என்று இப்போது தெரியும். விட்டுவிட்டால் இன்னும் நாலு நாளில் அதுவும் இறங்கிவிடும், அப்புறம் இவனுக்கும் கிடையாது. ஓட்டமும் நடையுமாகப் போய், அவளுக்கு வலப்பக்கம் நுழைந்து, தன் முழங்கையை அந்த உள்ளங்கைக்குள் வைத்தான்.

டீச்சர் நடையைக் குறைத்துக்கொண்டாள். நாலு கடை தாண்டுவதற்குள் அவனுடைய இடது ஷூவின் முனை தரையில் லேசாக இழுபடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், முழங்கைக்கு அடியில் இருந்த கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.