செகோவுக்கு வைக்காத மெழுகு

“தேன் காட்ட வர்ற பறவ ஏழு நாளாவா ஒரே வீட்டு மாமரத்துல உக்காந்து கத்தும்? நீயே சொல்லு, துவாலிபு.”

துவாலிபு வாசலில் குந்தியபடி கோடரிக் காம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை. எதிரில் நின்றவள் அவன் மனைவியின் அக்கா அவேத்து. இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, கையில் தண்ணீர்க் குடுவையோடு, கிளம்பியே வந்துவிட்டாள்.

“செகோன்னா மனுசனக் கண்டா கத்தத்தான் செய்யும், மதினி. அதுக்கு வேற என்ன தெரியும்?”

“அப்புறம் ஏன் ஏழு நாளா எங்க வீட்டுப் பக்கம் நீ தலையே காட்டல?”

அவள் வீட்டு மாமரத்தில் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது, யாரோ தீப்பெட்டியைக் காதருகே விடாமல் குலுக்குவதுபோல. துவாலிபு நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். வாலோரத்து வெள்ளை இறகுகளில் ஒன்று குறைந்த பறவை. போன வருடம் சிக்கோட்டியைக் காட்டுக்குள் கூட்டிப் போனது அதுதான்.

சிக்கோட்டி அவேத்துவின் கணவன், துவாலிபுவுக்குச் சகலை. லுஜெண்டா ஆற்றங்கரையில் கல்யாணம் என்றால் ஆண்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். “நாம ரெண்டு பேரும் வேலி தாண்டி வந்த கெடாடா, சகல. சத்தம் போடாம மேஞ்சுக்கணும்” என்று சிக்கோட்டி சிரிப்பான். அப்படிச் சிரித்தவன் ஒரு காலையில் தேனுக்குப் போய்த் திரும்பவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். அப்புறம் ஊர் தனக்கு வசதியான ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: வந்த மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான். கிணற்றடியில் பெண்கள் அவேத்துவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், “உம் புருசன் கடலோரத்துல எவளோ மீன்காரி கையால நண்டு தின்னுக்கிட்டு இருப்பான்டி. நீ குருவிகிட்டச் சேதி கேளு!” உடல் கிடைக்காததால் தொழுகை நடக்கவில்லை, நாற்பதாம் நாள் சோறும் ஆக்கவில்லை. தான் மனைவியா விதவையா என்பது அவளுக்கே தெரியாத ஒரு வருடம்.

“தேனுக்குப் பொம்பளைங்க வர்றதில்ல, மதினி.”

“நான் தேனுக்கு வரல.”

துவாலிபு எழுந்து கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டான். மாமரத்தடிக்குப் போய் நின்று, நாக்கை உருட்டி “ப்ர்ர்ர்ர்... ஹ்ம்” என்று அழைத்தான். ‘வா, நான் தயார்’ என்று செகோவிடம் சொல்லும் குரல் அது. பறவை உடனே அடுத்த மரத்துக்குத் தாவியது.

தீ வைத்து எரித்த புல்வெளி கரியாகக் கிடந்தது. காலடியில் எரிந்த புல் நொறுங்கியது. பறவை முன்னால் பறக்கும், உட்காரும், இவர்கள் நெருங்கும்வரை கத்தும், மறுபடி பறக்கும். ஒரு மணி நேரம் நடந்திருப்பார்கள். ஒரு பருத்த மரத்தின் பொந்தில் தேனீக்கள் நூல் பிடித்ததுபோலப் போய்வந்துகொண்டிருந்தன. துவாலிபுவுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், வெறும் தேன். ஆனால் பறவை அங்கே நிற்கவில்லை. பொந்துக்கு நேர் மேலே பறந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. கூட்டைத் தாண்டிப் போகும் செகோவை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“திரும்பிரலாம், மதினி.”

“எதுக்கு?”

“அவன் போன அன்னைக்கு முந்தின நாள்... நான் இதுக்கு மெழுகு வைக்கல.”

தேன் எடுத்து முடித்ததும் இலை பரப்பி, பறவைக்கென்று மெழுகடையை வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அன்று சிக்கோட்டி ஓடையில் கை கழுவப் போன நேரம், துவாலிபு அந்த மெழுகை மண்ணில் புதைத்துவிட்டான். பசித்த பறவை மறுநாளும் வேலைக்கு வரும் என்ற கணக்கு. கணக்குப்படி விடியும்போதே வந்து கத்தியது. கத்தலைக் கேட்டதும்தான் ஊர்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஏமாந்த செகோ அடுத்த தடவை தேனிடம் கூட்டிப் போகாது, சிறுத்தையிடம் கூட்டிப் போகும் என்று அடுப்படியில் உட்கார்கிற எல்லோரும் சொல்கிறார்கள். காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். சிக்கோட்டி உள்ளே வந்து நெற்றியில் கை வைத்தான். “சூடே இல்லியேடா. மாமியா கஞ்சிக்குப் பயந்து படுத்துட்டியா?” சிரித்துக்கொண்டே தனியாகப் போனான்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவேத்து குடுவையைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு நீட்டவில்லை.

“அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“வெக்கம்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு அவனை முந்திக்கொண்டு நடந்தாள்.

பறவையின் சத்தம் சட்டென்று நின்றது. கூட்டை அடைந்தால்தான் செகோ வாயை மூடும். துவாலிபு புதர்களில் மஞ்சள் நிறம் தேடினான். சிறுத்தை எதுவும் இல்லை. தேனுக்காக வெட்டி ஒரு வருடமான அடிமரம் ஒன்று நின்றது. வெட்டு வாயைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது: மரம் நினைத்த பக்கம் சாயவில்லை, முறுக்கிக்கொண்டு வெட்டியவன் பக்கமே வந்திருக்கிறது. கிடந்த மரத்துக்கு அடியிலிருந்து பச்சைச் சட்டைக் கை ஒன்று வெளியே நீண்டிருந்தது. உள்ளே எலும்பு. பக்கத்தில் ஒருவன் நின்று ‘விலகுடா!’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். சிறுத்தை வந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

அவேத்து அழவில்லை. சட்டைக் கை பக்கத்தில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஓதினாள். கிடந்த மரத்தின் பொந்தில் தேனீக்கள் மறுபடி குடியேறியிருந்தன. அந்த ரீங்காரத்தில் அவள் ஓதுவது கேட்கவில்லை.

“அதத் தொற” என்றாள்.

“மதினி, அவன் மேலயா? வேண்டாம்...”

“செகோ வழி காட்டிருக்கு. குடுக்க வேண்டியதக் குடு.”

புகை மூட்டி, மரம் அசையாதபடி மெல்ல மெல்லக் கொத்தினான். கழுத்தெல்லாம் தேனீக்கள் கொட்டின. தட்டிவிடவில்லை. கை நிறைய அடையை எடுத்துக் கொடுத்தான், மெழுகு மட்டுமல்ல, தேனும் புழுவும் நிறைந்த முழு அடை. அவேத்து இலை பரப்பி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

பறவை தாழ்ந்த கிளைக்கு இறங்கியது. அடையைப் பார்த்தது. தொடவில்லை. எழும்பி, துவாலிபுவின் தலைக்கு மேலிருந்த கிளையில் உட்கார்ந்து மறுபடி கத்தத் தொடங்கியது. அடுத்து, சிறுத்தைக்குப் பயந்து ஆளே போகாத பாறைக் குன்றுகள் பக்கம் ஒரு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்து, அங்கிருந்தும் அவனையே பார்த்துக் கத்தியது.

“இதுக்கு இன்னும் என்ன வேணுமாம்?” என்றான்.

அவேத்து பச்சைச் சட்டையில் ஒட்டியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. “என்னக் கூப்புடல. உன்னத்தான் கூப்புடுது. போ.”

“உங்கள இங்க தனியா விட்டுட்டா?”

“நான் தனியா இல்ல.”

இலைமேல் வைத்த அடையிலிருந்து தேன் வழிந்து மண்ணுக்கு இறங்கியது. அதற்குள் எறும்பு வரிசை வந்துவிட்டது. குன்றுப் பக்கத்துக் கத்தல் நிற்கவில்லை, இன்னும் ஒரு மரம் தள்ளிப் போனது. துவாலிபு ஒரு காலை எடுத்து வைத்தான். நீங்களாக இருந்தால் அடுத்த காலையும் எடுத்து வைத்திருப்பீர்களா, சொல்லுங்கள்?