பச்சை உடம்புக்கு ஒரு துண்டு இரும்பு

பிள்ளை பெற்ற வீட்டில் இரும்பு இருக்கவேண்டும் என்பதைக் குண்டனி நாட்டு ஊர்களில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பச்சை உடம்பைத் தேடி வரும் காத்து கருப்பு, இரும்பைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடும். மற்றவர்கள் துருப்பிடித்த அரிவாளை வைப்பார்கள். குழந்தைசாமிக்குக் கிடைத்ததோ புத்தம் புதிய இரும்பு.

மின்சாரத்துக்காக மலையிலிருந்து தண்ணீர் இறக்கும் குழாய் வேலையில் அவன் கூலியாள். ஒரு காலையில் குழாய்க்கடியில் அது கிடந்தது. விரல் நீளம், சின்னச் சங்கிலி மாதிரி, பளபளவென்று. மடியில் செருகிக்கொண்டு வந்து வாசல் நிலையில் தொங்கவிட்டான். அன்று அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

மறுநாள், பிள்ளை பெற்றுக் கிடந்த அவன் மனைவி பூங்குழலி வாந்தி எடுத்தாள். காத்து கருப்பு உள்ளே நுழைந்துவிட்டது என்று நினைத்தவன், இரும்பைக் கட்டில் காலில் கட்டினான். வாந்தி நிற்கவில்லை. அவன் இடுப்பிலும் வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்து கிடந்தது. வீட்டில் ஏதோ இருந்தது. வாசமில்லை, சூடில்லை, சத்தமில்லை. நான்காம் நாள் விடியலில், பிள்ளையையாவது காப்போம் என்று அதைத் தொட்டில் துணியில் முடிந்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று மதியம் குணசேகரன் கூலியாட்களைக் கூட்டி, விரல் நீளச் சங்கிலி ஒன்றின் படத்தைக் காட்டினார். குழாயின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் பிடிப்பது அவர் வேலை. நாலு நாளாக எடுத்த ஃபிலிம் எதிலும் படம் விழவில்லை. கதிர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருக்கவேண்டிய கதிர்வீசும் இரிடியத் துண்டு இல்லை. அன்றன்றைக்குக் கதிர் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்காத மனிதர், இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார்.

"இதை யாராவது எடுத்தீங்களா? பக்கத்துல இருந்தாலே ஆளை உள்ளுக்குள்ள எரிச்சுரும்."

"தொட்டில்ல கட்டியிருக்கறனுங்க சார்," என்றான் குழந்தைசாமி.

இருவரும் ஓடினார்கள். வாசலை நெருங்கும்போதே மீட்டர் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. குழந்தைசாமி பாய்ந்து தொட்டில் துணியை உதறினான். முடிச்சு அவிழ்ந்திருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம் உயிர் வந்தது அவனுக்கு.

"அதையா தேடறீங்க?" கட்டிலில் கிடந்த பூங்குழலி கேட்டாள். "புள்ளைக்குக் குத்துமேன்னு நீங்க போனதுமே எடுத்து எம்மடியில வெச்சுக்கிட்டனுங்க. எதா இருந்தாலும் என்னைத் தாண்டித்தான புள்ளைகிட்டப் போவோணும்?"

"கையால தொடாத! குறடு வரட்டும்!" என்று வாசலில் நின்று குணசேகரன் கத்தினார்.

குழந்தைசாமி காத்திருக்கவில்லை. வெறுங்கையால் அவள் மடியிலிருந்து பிடுங்கி, புழக்கடைக்கு ஓடி, ஆளில்லாத பள்ளத்தில் வீசி எறிந்தான்.

பூங்குழலி பதறிப்போய் எழப் பார்த்தாள். முடியவில்லை.

"ஐயோ, ஏனுங்க அதை எறிஞ்சீங்க? இனிப் புள்ளைக்கு என்னங்க காவல்?"