மூன்றாம் ஓலை

செய்தி வெளியாக இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கிளாட்வின் சார் என் மேசையில் வைத்த தந்தியின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'திங்கள் பத்து மணி வரை நிறுத்தம்.'

போருக்காக வெள்ளைக்காரச் சர்க்கார் கடற்கரைச் சாலையில் திறந்த பிரசார அலுவலகம் அது. பத்திரிகைக்காரர்களுக்கு அறிக்கை எழுதவும், அதை அவர்கள் முன் வாசிக்கவும் நான் கற்றுக்கொண்டிருந்தேன். இரசாயனம் படித்தவள். 'கரைசல் சூடாக்கப்பட்டது' என்று எழுதிப் பழகிய கை. யார் செய்தது என்று சொல்லாமல் எழுதத் தெரியும். சத்தமாக வாசிக்கத்தான் வராது.

"முக்கியமானது முதல் வரியில வரணும்மா," என்பார் சார். "பாதிப் பேரு அதோட பேப்பர மடிச்சிருவான். வாசிச்சா கடைசி வரிசைக்குக் கேக்கணும். நீ வாசிக்கது ஒனக்கே கேக்குதா?"

தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. கொழும்புக்குப் போன தோணி கடலில் மிதந்த கண்ணிவெடியில் மோதி மூழ்கிவிட்டது. அதில் போன ஏழு பேரின் உடல்களும் மன்னாரில் அடக்கம் செய்யப்பட்டன. மூன்றாவது பெயர் சிலுவை பர்னாந்து. என் அண்ணன்.

தமிழில் எழுதிக் கொடுத்தேன். சார் 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லை மட்டும் அடித்தார்.

"நல்லா வந்திருக்கு."

அவர் நாசரேத்துக்காரர், எங்கள் தெருவை அறியாதவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் பர்னாந்து. சிலுவை எனக்கு உறவா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வீட்டில் மீன் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஏளா, கொழும்புத் தோணி எப்ப வருமாம்? ஒங்க ஆபீசுல ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் அம்மா.

"இதுவரை தகவல் இல்லை."

"என்னளா, சர்க்கார் மாதிரி பேசுத? ஒங்கண்ணன் கல்யாண வீட்டுலயும் இப்பிடித்தான் பேசுவியா?"

அம்மா அழுதால் தெருவுக்குக் கேட்கும். தெருவுக்குக் கேட்டால் துறைமுகத்துக்குக் கேட்கும். இரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மீறினால் சிறை. சனிக்கிழமையும் அதே பதிலைச் சொன்னேன்.

அண்ணனுக்கும் அடுத்த தெரு மரியசெல்விக்கும் கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். மூன்று முறை ஊரறிய வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி. மாப்பிள்ளை கடலில் இருந்தாலும் வாசிக்கலாம். மூன்றாம் ஓலை இந்த ஞாயிறு.

பூசையில் மரியசெல்வி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். புதுச் சேலையில் கஞ்சி வாசம்.

"போன வாரம் சாமியார் ஒங்க அண்ணன் பேர முழுங்கிட்டாரு," என்று என் காதில் சொன்னாள். "இன்னைக்காவது முழுசா வாசிப்பாரா? இல்லன்னா நான் யாரக் கெட்டப்போறேன்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?"

சாமியார் இன்று தெளிவாகவே வாசித்தார். சிலுவை பர்னாந்து. மரியசெல்வி. அவள் விரல் என் முழங்கையை அழுத்தியது.

"இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதாவது அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

அதன் பிறகு அவர் நிறுத்துவது தாளை மடிக்கும் நேரம் மட்டுமே. ஒரு மடிப்பு மடித்தார்.

எழுந்து நின்றேன். ஆண்கள் பக்கமிருந்து தலைகள் திரும்பின. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, உக்காரு. என்ன செய்யுத?"

'இதுவரை' என்று வாயில் வந்தது. அதை அடித்தேன். முக்கியமானதை முதல் வரியில் வைத்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"சிலுவை செத்துட்டான்."