பாங்குக்கு முன் ஒரு டம்ளர் சர்பத்

கொண்டோட்டியில் அந்த ரமலானில் ஹிபாவைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட நோன்பு பிடித்தார்கள். "உனக்கு எத்தனை நோன்பு?" என்று அவளைச் சீண்டினார்கள். ஒன்பது வயது ஹிபாவுக்கு ஒன்றுகூட இல்லை. அவள் வயிறு காயவே கூடாது என்பது டாக்டர் கட்டளை.

ஷமீல் கடையிலிருந்து வந்தபோது மகள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"பச்சைத் தண்ணி பல்லுல படல. சோத்தப் பூனைக்குப் போட்டுட்டு எங்கிட்டயே மறைச்சிருக்கா, கள்ளி," என்றாள் அவன் அக்கா ஸுலைகா, பெருமை தாங்காமல். "நோன்புக் களைப்புதான்டா. பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. கெடுத்துடாத."

"ஹிபா, மோளே."

முனகினாள். கண் திறக்கவில்லை.

"எனக்குச் சர்க்கரை பாக்குற மெஷின்லயே குத்திப் பாத்துட்டேன்," என்றாள் ஸுலைகா. "சர்க்கரை சரியாத்தான் இருக்கு. பதறாத."

அதுதான் ஷமீலைப் பதறவைத்தது. சர்க்கரை சரியாக இருக்கும்போதே கேடு தொடங்கிவிடும். சாப்பிட்டால் உடம்பு கொழுப்பை உண்டாக்கும். அந்த வேலையில் பிறக்கும் ஒரு பொருளே கொழுப்பை எரிக்கும் உலையின் கதவைச் சாத்திவைக்கும். பட்டினி கிடந்தால் கதவு திறந்துகொள்ளும். அந்த வீட்டில் எல்லாருக்கும் இப்போது அப்படித்தான் எரிந்துகொண்டிருந்தது. ஹிபாவின் உலை மட்டும் பிறவியிலேயே பழுது. பாதி எரிந்தது நஞ்சாகத் தேங்கும். கதவைச் சாத்தியாக வேண்டும். இனிப்பு உள்ளே போனால்தான் அது சாத்திக்கொள்ளும்.

நோன்பு திறக்கக் கலக்கிவைத்த சர்பத்தை எடுத்தான்.

"டேய், பிள்ளையோட முதல் நோன்புடா!"

"நோயாளிக்கு ஏது நோன்பு, இத்தாத்தா? தலையப் பிடி."

ஸுலைகா தலையைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஹிபா விழுங்கினாள்.

ஆட்டோவில் போகும்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஷமீல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டில் பாதி இறங்கியபோது ஹிபா கண் விழித்தாள்.

"உப்பா, பாங்கு சொல்லியாச்சா?"

"ஆச்சு."

உதட்டை நக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "சர்பத்! பாங்குக்கு முன்னாடியே குடுத்துட்டீங்களா? கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?"

"இருக்க மாட்டேன்."

"போங்க! எனக்கு அரிசிப் பத்திரி வேணும். நாலு."

"வாய்க்கு ஒண்ணும் ஆகலடா!" என்று ஸுலைகா அழுதுகொண்டே கத்தினாள். ஷமீல் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"நாலு என்ன மோளே, பத்து தின்னு. இனி உன் வயிறு எப்படிக் காயுதுன்னு பாத்துடறேன்!"