வாணலி ஒரு ஆளுக்குத்தான்

1

இந்தக் கதை கருகல் வாடையில் பிறந்தது. உயர்வாக ஏதாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம்.

பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு சன்னலும் ஒரே சந்தைப் பார்த்தவை. போன வாரம் ஒருநாள் அந்தச் சந்து வழியாகப் பூண்டு கருகுகிற வாடை வந்தது. வாடை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. ஒரு ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோதிப்பதுதான் என் வேலையாக இருந்தது. எல்லோரையும் திருடன் என்று நினைப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளம் நின்றுவிட்டது, நினைப்பு நிற்கவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தனிமை என்பது ஒரு’

அடித்துவிட்டேன். ஒரு என்ன? ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?

அடுத்தது: ‘கேரட்டை நீளநீளமாக நறுக்கிக்கொண்டிருந்த அந்த முதியவரின் கண்களில்’

இதுவும் போயிற்று. நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்தேன், மொண்ணைக் கத்தி.

சரி, நேராகவே சொல்கிறேன். அவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்த்தவர். இங்கே எல்லோருக்கும் பிரேக்காரர். மனைவி போன பிறகு காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரிக்கு வெறும் டீ. இப்படியே ஓட்டி ஒருநாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். மகள் ஓடி வந்தாள், அதிலிருந்து வாராவாரம் வந்தாள். போன வாரம் அவள் வந்தபோது அவர்கள் பேசியதை என் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். (ஒட்டுக்கேட்டாயா என்று கேட்பீர்கள். ஆமாம்.)

“பெட்டியக் கட்டுப்பா. என்கூட வந்துரு.”

“நான் எங்கயும் வரல. எனக்குச் சமைக்கத் தெரியும்.”

“யாரு, நீயா? சுடுதண்ணியே தீய விடுவ.”

“வந்து தின்னு பாத்துட்டுப் பேசு.”

“சரி. ஞாயித்துக்கெழம வர்றேன். எனக்கு நூடுல்ஸ் போடு, காயெல்லாம் போட்டு, சீனாக்காரன் கடையில குடுப்பாங்களே, அப்படி. நல்லாருந்தா நீ இங்கயே இரு, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா அன்னிக்கே கெளம்புற.”

“கடையில வாங்கி வச்சா என்ன செய்வ?”

“அதுக்குத்தான் நான் பக்கத்துல நின்னு பாக்கப் போறேன்.”

மகளுக்கு என் வேலை நன்றாக வந்திருக்கும்.

3

(இங்கே அவர் மனசுக்குள் புகுந்து எழுத வேண்டும். அடுத்தவர் டப்பாவைத் திறந்திருக்கிறேன், மனசைத் திறந்ததில்லை. உத்தேசமாக எழுதுகிறேன்.)

பிரேக்காரர் பொட்டலத்தில் அச்சடித்திருந்ததை நம்பவில்லை. முதல் நாள் நூடுல்ஸ் குழைந்து களியாயிற்று. மறுநாள் முட்டைக்கோஸும் குடைமிளகாயும் தண்ணீர் விட்டு, எல்லாமாகச் சேர்ந்து நோயாளிக் கஞ்சி போல ஆயிற்று. அதற்கடுத்த நாள் பூண்டு கரியாயிற்று. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தின்றே தீர்த்தார். வீணாக்குகிற ஜாதி இல்லை அவர். பிறகு ஒவ்வொரு கோளாறாகக் கழற்றிப் பார்த்தார். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் இறக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி ஆற வைத்தார். காயைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கினார். வாணலி புகைகிற வரைக்கும் பொறுத்தார். சோயா சாஸை நடுவில் ஊற்றாமல் ஓரத்தில் சுற்றி விட்டார்.

வெள்ளிக்கிழமை சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“யோவ் சோதனை, கண்டுபுடிச்சிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான் போடணும். ரெண்டு ஆளுக்கு அள்ளிப் போட்டா வாணலி சூடு எறங்கிடுது. வறுபடாம வெந்து தொலையுது.”

“நீர் பிரேக்குக்கே அப்படித்தான் கதை சொல்லுவீர்.”

“பிரேக்குல சூடு ஏறினா புடிக்காது. இதுல சூடு எறங்கினா அடியில புடிச்சுக்கும். அவ்வளவுதான்யா வித்தியாசம்.”

4

நேற்று ஒரு தட்டு கொண்டுவந்து நீட்டினார். நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். ஒவ்வொரு இழையும் தனித்தனி. பீன்ஸ் கடிபட்டது. மிளகு தொண்டையில் லேசாகத் தொட்டுவிட்டுப் போயிற்று. வெங்காயத்தாள் பச்சை மாறவில்லை.

“பரவாயில்லை,” என்றேன். என் வாயில் அதற்கு மேல் வராது.

“நல்லாருக்குல்ல?”

“ஒம்ம மக தோத்தா.”

அவர் சிரிக்கவில்லை. காலித் தட்டை வாங்கி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இப்ப அவ வாராவாரம் வர்றா. பயத்துல வர்றா. இதத் தின்னுட்டா பயம் போயிரும். அப்புறம் எதுக்குய்யா வருவா?”

5

கதை இந்த இடத்தில் என் கையை விட்டு நழுவிற்று. ஒரு முடிவு வைத்திருந்தேன்: மகள் தின்கிறாள், கண் கலங்குகிறாள், அப்பா ஜெயிக்கிறார். அதைக் கிழிக்கவில்லை, கசக்கி வைத்திருக்கிறேன்.

இன்னொரு முடிவு: வேண்டுமென்றே கெடுக்கிறார். மகள் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கட்டுகிறாள். அவள் வீட்டில் ஒரு மூலையில், யாரோ சமைத்ததைத் தின்றுகொண்டு, நாலு பேர் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் ஒரு ஜெயிப்புத்தான்.

மூன்றாவதில் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அடித்துவிட்டேன். அப்படி யாரும் கூப்பிடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் எனக்கு லாபம் இருக்கிறது. அவர் போய்விட்டால் அந்தச் சந்தில் ஒரு சன்னல்தான் திறந்திருக்கும். என்னைத் திட்டுவதற்காவது கூப்பிடுகிற ஆள் இந்தக் கட்டடத்தில் வேறு கிடையாது. ஆகவே முதல் முடிவைத்தான் நான் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பேன். நம்பாதீர்கள். என் டப்பாவைத் திறந்து பாருங்கள்.*

*சோதிப்பவனைச் சோதிக்க அந்த ஆலையில் யாரும் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். மகள் வந்தாயிற்று. நான் சன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காய் வதங்குகிற மணம் வருகிறது, கருகவில்லை. நூடுல்ஸ் இன்னும் விழவில்லை.

“அப்பா, பசிக்குது. தனித்தனியாப் போட்டா ஒருத்தர் திங்க இன்னொருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும். ரெண்டு பேருக்கும் சேத்தே போடேன்பா.”

 அடுப்பு மட்டும் இரைகிறது.

அவள் ஒன்றும் தெரியாமல் கேட்கிறாள். (தெரிந்தே கேட்கிறாளா? அதையும் எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பொருந்தாமலும் இல்லை.)

பிரேக்காரர் நூடுல்ஸைக் கையில் அள்ளிக்கொண்டு நிற்பார். ஒரு ஆளுக்கு விழுந்தால் சடசடவென்று பொரியும். இரண்டு ஆளுக்கு விழுந்தால் உஸ்ஸென்று அமுங்கும். என் காதுக்கு இரண்டும் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் இங்கேயே உட்கார்ந்திருந்தால் முடிவு தானாகக் காதில் விழுந்துவிடும்.

எனக்கு வேண்டாம். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு இரண்டு வீட்டிலும் யாரும் இல்லை, எப்படி முடிந்தாலும் நஷ்டமில்லை. நான் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவ இருக்கிற ஒரு தட்டைக் கழுவப் போகிறேன். மெதுவாக.