பின் இருக்கையின் இடப்பக்கம்

மெக்கானிக் லூயிஸ் அண்ணன் எங்கள் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தினார்.

“சத்தம் ஒண்ணும் வரலயே, ஷர்வின். ஓகே லா.”

என் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “நான்தான் சொன்னேன்ல அண்ணே? வீட்ல எல்லாரும் சும்மா பயப்படுறாங்க. புது ஷாக் அப்சோர்பர், கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்.”

“கொஞ்சமா? இதுக்கு மாட்டு வண்டி தேவலாம்டா.”

முதல் சம்பளத்தில் அண்ணன் ஆசையாக வாங்கி மாட்டிய மஞ்சள் அப்சோர்பர்கள் அவை. கார் தரையை ஒட்டித் தாழ்ந்து நின்றது. பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நிறைமாதமாக இருக்கும் தினேஸ்வரி அக்காவை இன்று மதியம் இந்தக் காரில்தான் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு. அவள் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்குள், செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் குழி பறித்துப் போட்ட தோட்டத்துப் பாதை ஒன்று இருக்கிறது.

அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினான்.

பின்னால் யாரும் உட்காராமல் ஓட்டினால் அந்தச் சத்தம் வராது. அது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. பின்கதவைத் திறந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“என்னம்மா, உனக்கும் ஒரு ரவுண்டு வேணுமா?”

“அக்கா இங்கதான் உக்காரும்.”

லூயிஸ் அண்ணன் சிரிப்பதை நிறுத்தினார். அண்ணனையும் என் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் எடுத்தார். பின் சந்தில் சாக்கடை மூடியின்மேல் சக்கரம் ஏறி இறங்கியபோது, டொக். என் முதுகுக்கு நேர் பின்னால்.

காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தார். மஞ்சள் அப்சோர்பரில் ஒரு கீறல் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. அதன் தலையை முடுக்கியிருந்த தகடுதான் துருப்பிடித்து, போல்ட்டைச் சுற்றி வெடித்திருந்தது. கம்பியால் நெம்பியபோது வெடிப்பு திறந்து திறந்து மூடியது.

“இவ்ளோ கெட்டி அப்சோர்பர் போட்டா, ரோட்டு அடியெல்லாம் நேரா பாடிக்குத்தான் போவும். பழைய தகரம், கிழிஞ்சிருச்சு. பெரிய குழியில எறங்குனா பிச்சுக்கிட்டு மேல வந்துரும்.”

“மேலன்னா?”

“உங்க அக்கா முதுகுக்குப் பின்னால.”

அண்ணன் குனிந்து வெடிப்பைப் பார்த்தான். “இன்னிக்கு ஒரு நாளுண்ணே. மெதுவாப் போறேன். ஒரு பொட்டு வெல்டிங் வச்சுக் குடுங்க.”

“துருவுல வெல்டிங் நிக்காதுடா. வெட்டி எடுத்துட்டு வேற தகடு வைக்கணும்.”

“நான்தான் கொண்டு போறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அக்காவுக்கு போன் போட்டேன். ஒர்க்ஷாப் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன்.

“அக்கா, நம்ம காரு வேணாம். கிராப் டாக்சில போ.”

“அப்பாடா,” என்றாள் அக்கா. “அந்தச் சத்தம் வர்றப்பல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான்டி உக்காந்திருப்பேன். தம்பிகிட்ட சொல்லிடாத. ஆசையா வாங்கிப் போட்டிருக்கான்.”

ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். அதற்குள் அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“அக்கா, நான் கிராப் புடிச்சு வாரேன். தனியா போகாத.”

அக்காவின் குரல் இறங்கியது.

“கேட்டுட்டியாடா?”

அண்ணன் ஆமென்று தலையை ஆட்டினான். போனில் அது தெரியாமல் அக்கா மறுபடியும் அதையே கேட்டாள்.